எண் இல்லாத சீட்டு

ஆறரைக்குக் கதவைத் திறந்தார்கள்.
எங்கள் சீட்டில் வரிசை இல்லை, இருக்கை எண் இல்லை.
ஏழு கிலோமீட்டர் பாதை, சுற்றிலும் ஆர்டென் காடு,
எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளுங்கள் என்கிற தாராளம்.
கெயிட்டானுக்கு
இதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்க முடியாது.
ஒரு சட்டைக்கு மூன்று கடை ஏறி
முதல் கடைக்கே திரும்புகிறவன்.
மல்மெடியில் பதினோரு வருடமாக வாடகை மாடியில் இருந்துகொண்டு
முப்பத்தொரு வீடு பார்த்திருக்கிறோம்.
ஒன்றில் வெளிச்சம் போதாது,
ஒன்றில் வெளிச்சம் அதிகம்.

முதலில் நேர்பாதையின் கம்பிவேலி.
சின்னக் கார்களின் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.
அங்கே எதுவும் வரவில்லை, எல்லாம் போயின.
தலை திரும்புமுன் சத்தம் அடுத்த வளைவில்.
"காசு கொடுத்துக் கழுத்துச் சுளுக்கா?" என்றான்.

மேட்டின் உச்சியில் பெரிய திரை தெரிந்தது,
பாதை தெரியவில்லை.
திரை பார்க்க நம் சோபா போதுமே என்றான்.
சோபாவையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்,
அதை அப்போது சொல்லவில்லை.

ரிவாஜில் கார்கள் தணிந்து திரும்பும்,
தலைக்கவசத்தின் கோடுகளை எண்ணலாம்.
ஆனால் டச்சுக்காரர்கள் விடியுமுன்னே
அலுமினிய ஏணிகளை நட்டிருந்தார்கள்.
எங்களுக்குக் கிடைத்தவை
ஆரஞ்சு நிற முதுகுகள்.

புஓன்.
எங்கள் பக்கத்துப் பேச்சில் ஊற்று என்று பொருள்,
இரும்பு ருசிக்கும் தண்ணீர்.
சரிவில் இறங்கி இரண்டு மடிப்பாய் இடப்பக்கம் வளைகிற பாதை,
எதிரே புல்மேடு,
மேடு முழுக்கத் துண்டு போட்டு இடம்பிடித்திருந்தார்கள்.
பச்சை மழைக்கோட்டில் ஒருத்தி கையைத் தட்டி அழைத்தாள்.
நீலத் தார்ப்பாய், நான்கு மூலையிலும் கல்.
"ஐந்தே நிமிடம். வறுவல் வாங்கி வருகிறேன்.
பார்த்துக்கொள்வீர்களா? என் பெயர் ஓடில்."
சரி என்றான், யோசிக்காமல்.
அவன் யோசிக்காமல் சொன்ன ஒன்றை
அன்றுதான் கேட்டேன்.

தார்ப்பாயின் மேல் அல்ல,
ஓரமாக, ஈரப் புல்லில் நின்றோம்.
மூன்று மணிக்கு விளக்குகள் அணைந்தன.
ஓடில் வரவில்லை.
முதல் சுற்றின் இருபது கார்களும்
கிழிந்த துணிபோல் இறங்கி வந்தன,
ஓடில் வரவில்லை.
நமூரிலிருந்து வந்த ஒருவர், தோளில் குழந்தையோடு,
"இங்கே காலிதானே?" என்றார்.
"ஆள் வராங்க" என்றான் கெயிட்டான்.
ஒன்பதாம் சுற்றில் நான்கு பேர் திட்டினார்கள்.
யாருமில்லாத ஓர் இடத்துக்காக
மேடு முழுக்கப் பகை.
குழந்தையை மட்டும் தார்ப்பாயில் உட்கார வைத்தான்,
ஓடிலிடம் தானே பேசிக்கொள்வதாக.

இருபதாம் சுற்றில் மழை.
நமூர்க்காரர் குழந்தையோடு மரங்களுக்குள் போனார்.
கார்கள் காணாமல் போயின:
வெள்ளைப் புகைநீர், அதன் வாலில் ஒரு சிவப்பு விளக்கு,
பிறகு அடுத்த புகைநீர்.
எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை,
எல்லோரும் கத்தினார்கள்.
வேறு இடம் போகலாமா என்று
இருபது தடவை கேட்டிருக்க வேண்டியவன்
தொப்பி சொட்டச் சொட்ட அசையாமல் நின்றான்.
வாக்குக் கொடுத்துவிட்டானே.
நாற்பத்துநான்கு சுற்றும்
ஒரே வளைவைப் பார்த்தோம்.
முப்பதுக்குமேல் எனக்குப் பழகிவிட்டது,
எந்தச் சத்தத்தில் கால் தயங்குகிறது,
எதில் தயங்கவில்லை என்று.

எல்லாம் முடிந்தபின் வந்தாள்,
முழங்கால்வரை சேறு, கையில் காலிக் காகிதக் கூம்பு.
"இன்னுமா நிற்கிறீர்கள்?
எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது,
அதோ, அந்த இரட்டை மரத்தடி.
தார்ப்பாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
கூட்டமெல்லாம் இறங்க, அவன் மட்டும் எதிர்த்து ஏறினான்.
தொலைநோக்கியில் பார்த்தேன்:
மரத்தடியில் குனிந்தான், எம்பினான்,
ஒரு கார் கடக்கும் நேரம்வரை
கார் இல்லாத பாதையைத்
தலைதிருப்பிப் பார்த்தான்.

திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை.
கற்களை உதைத்துத் தள்ளினான்.
தார்ப்பாயின் ஒரு முனையை அவன் பிடிக்க,
மறுமுனையை நான் தூக்க,
நடுவே ஒரு குளம்போல மழை.

"எந்தப் பக்கம் சாய்க்கட்டும்?" என்றான்.